அன்று பஸ் வந்தது

பிள்ளைகளே, என் மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அது தெரியாது.

செல்வி அப்போது பிளஸ் ஒன். உங்கள் வயதுதான். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் ஒன்றையும் சேர்த்துப் படிக்கலாம் என்றார்கள். புள்ளியியல் எடுத்தாள். தேர்வில் தேறிவிட்டால், பிறகு கல்லூரியில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம்.

சனிக்கிழமைதோறும் போனில் வகுப்பு. எங்கள் ஊரில் கண்மாய்க் கரையில்தான் சிக்னல் கிடைக்கும். வெயிலில் போன் திரை தெரியாது என்பதால் நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் புரியாது. ஆனால் வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் சொல்வாளே... மேய்கிற ஆடுகளைக்கூடப் பெருமையாகப் பார்ப்பேன்!

கடைசி வகுப்பில் அந்த வாத்தியார், பள்ளி முடிந்ததும் சென்னைக்கு வந்துவிடு என்று அவளிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இந்தத் தேர்வில் தேறினால் போய்விடுவாள் என்று நினைத்தேன். வீட்டில் நானும் அவளும்தான்.

தேர்வை மட்டும் கோவில்பட்டிக்குப் போய் எழுத வேண்டும். அன்று விடியும்வரை நல்ல மழை. மழை பெய்தால் பஸ் வருமா என்று பார்த்து வருவது என் வேலை. போனேன். தார்ச்சாலை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. பஸ் வந்து நின்றிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாலையை விட்டுப் புஞ்சைக்குள் இறங்கி நடந்தேன். கரிசல் சேறு அடிக்கு அடி கனக்கும். இரண்டு காலிலும் பூட்ஸ் போட்டதுபோல் அப்பியதும் வீட்டுக்கு வந்தேன்.

"பஸ் வராது தாயி. பாலத்துல தண்ணி போவுது. புஞ்சை வழியாப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். சீருடையோடு கீழே உட்கார்ந்து, குச்சியால் சேற்றைச் சுரண்டினாள்.

"எனக்காவ இம்புட்டுச் சேத்துல போனீயளாப்பா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... பஸ் கிளம்பியிருக்காது. அடுத்த காலையும் நீட்டினேன். அவள் அழவில்லை. எனக்குக் கால் கழுவ வெந்நீர் வைத்தாள்.

என்ன சாதித்தேன்? அவள் சென்னைக்குப் போகத்தான் செய்தாள். அங்கே கல்லூரியில் அதே புள்ளியியலை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அவள் தோழி ஒருத்தி, "சேத்துல நடந்து போன அப்பா நீங்கதானா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆட்டினேனே!

உங்களிடம் சொல்ல முடிகிறது, அவளிடம் ஏன் முடியவில்லை? கோபப்பட்டால்கூடத் தாங்குவேன். ஆனால் அந்தக் குச்சி அவளுக்கு ஞாபகம் வருமே...

நேற்றும் இங்கே மழை. போன் வந்தது.

"சேத்துல எறங்காதீயப்பா, வழுக்கும்."

"சரி தாயி" என்றேன்.