கேள்விகளை அழித்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை

மட்டுறுத்துநர், அதாவது மாடரேட்டர் என்றால், யாரும் கேட்காத வேலையைச் சம்பளமில்லாமல் செய்து எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவர் என்று பொருள். வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்து, 'அதைச் சொல்ல நீ யாரு?' என்று ஒருமுறையாவது கேட்கப்பட்ட புண்ணியவான்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூணாறு பஜாரில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. மலையாள விண்ணப்பங்களைத் தமிழில் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுப்பது உபதொழில். கொழிஞ்சாம்பாறையில் கோகிலா என்று ஒரு பெண். தென்னந்தோப்புக் குடும்பம், கம்ப்யூட்டர் படித்தவள். இந்தப் பக்கத்துத் தமிழாட்கள் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் வாங்கட்டும் என்று இணையத்தில் ஒரு கேள்வி-பதில் தளம் தொடங்கினாள். கடையில் ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி வாய் வலித்துக் கிடந்த நான், ஓடிப்போய் மட்டுறுத்துநராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பதாகவும், குப்பைதான் சேருகிறதென்றால் மூடிவிடுவதாகவும் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். மூட விடக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

ரோஜாப்பூக்காரர்

கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய சித்தூர்ப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர். தினமும் காலையில் கேள்விப் பெட்டிக்குள் ஒரு ரோஜாப்பூவைப் போட்டுக் காலை வணக்கம் சொல்வார். 'இது கேள்வி அல்ல' என்று காரணம் எழுதி அழித்தேன். மறுநாள் அதே ரோஜா. கீழே, 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா?'

அதையும் அழிக்கப் போகிறேன் என்று பணிவாகத்தான் எழுதினேன். அவர் என்னைவிடப் பணிவு.

"இப்பக் கேள்விதானுங்களே. நல்லா இருக்கீங்களா இல்லீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அப்புறமா அழிச்சுக்குங்க."

போடிமெட்டு மூட்டம்

ஏலக்காய் ஏற்றிப் போகிற பிக்கப் டிரைவர் ஒருவர் தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்பார்: மெட்டு ரோட்டில் பனிமூட்டமா? நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள், 'ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி' என்று முத்திரை குத்தி, பழைய பதிலுக்கு வழியும் காட்டிப் பூட்டினேன். விதியைப் பிசகாமல் பின்பற்றிய திருப்தியில் டீக்கு ஒரு வடையும் சேர்த்துச் சாப்பிட்டேன். வடை தீருவதற்குள் போன் வந்தது.

"அண்ணே, நான் நேத்துக் கேட்டது நேத்து மூட்டம். அது எப்பவோ மலையிறங்கிப் போயிருச்சு."

பதிலில்லாக் கேள்வி

வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்ய? நல்ல கேள்வி. படம்கூடப் போட்டிருந்தாள். ஒன்பது நாளாகியும் ஒரு பதிலில்லை. பதிலில்லாத கேள்விகள் பெருகினால் தளம் செத்துப்போனதாகத்தான் கோகிலா எடுத்துக்கொள்வாள். இன்னும் உதவி வேண்டுமா என்று கேள்வி கேட்டவளுக்கே எழுதினேன்.

கேட்ட அன்றைக்கே சரியாகிவிட்டதாம். கேள்வியைப் படித்த பக்கத்து லயத்து அக்கா நேரே வீட்டுக்கு வந்து, பார்த்து, சரிசெய்து, கட்டன் சாயாவும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பதிலை அந்த அக்கா தளத்தில் எழுதியிருக்கலாமே என்று அங்கலாய்த்தேன்.

"ஊசிய நான் திருப்பி மாட்டிருந்தேன். அத ஊருக்கே எழுதிக் காட்டுனா எனக்குக் கேவலம்னு அந்தக்கா எழுதல. நீங்களும் எழுதிராதீங்க."

இவ்வளவு நாள் எழுதாமல்தான் இருந்தேன். பெயரைச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பெருக்கியது

ஆறு மாதம் முடியப் பதினைந்து நாள் இருந்தபோது கோகிலா கூப்பிட்டாள். தளத்தில் இப்போது ஒரு வெட்டிப் பதிவுகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். ரோஜாப்பூ இல்லை, மூட்டம் இல்லை, 'ஹாய்' இல்லை. அவள், போன வாரம் முழுவதும் வந்த கேள்விகள் மூன்று என்றாள். மூன்றில் ஒன்று நான் கேட்டது.

"ஏனுங்ண்ணா, ஊட்டைக் கூட்டுங்கன்னா, ஊட்டுல இருந்தவிங்களையும் சேத்தல்லங்க கூட்டித் தள்ளிப்போட்டீங்க."

விவரம்

அந்த வாரம் 'பூண்டு போச்சு' என்று ஒரு பதிவு வந்தது. அவ்வளவுதான், இரண்டே சொல். கோகிலா அவ்வளவு சொல்லியும் கை சும்மா இருக்கவில்லை. 'விவரமாக எழுதவும்' என்று குறிப்பெழுதி அழித்தேன். மறுநாள் மறுபடி அதே இரண்டு சொல், அழித்தேன். மூன்றாவது முறையும் அழித்தேன்.

நான்காம் நாள் வட்டவடை மலைக்கிராமத்து ஜீப்பிலிருந்து அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கிக் கடைக்குள் வந்தார். தளத்தில் என் பெயரோடு கடைப் படத்தையும் போட்டிருந்தது என் தப்பு. தோளிலிருந்த மூட்டையை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அவிழ்த்தார். மண்ணோடு பிடுங்கிய பூண்டுச் செடிகள், அடியெல்லாம் அழுகல். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"விவரமா எழுதுன்னு மூணு தரம் சொல்லிட்டீங்க தம்பி. எனக்கு அதுக்கு மேல எழுத வராது. அதான் விவரத்தையே கொண்டாந்துட்டேன்."

வெட்கமாக இருந்தது. அது விற்கிற பூண்டுகூட இல்லை, அடுத்த போகத்துக்கு விதைக்காக விட்டிருந்த பாத்தி. அதுவும் போனால் நட அவரிடம் ஒன்றுமில்லை. படமெடுத்து, அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்து அவர் பெயரில் போட்டேன். சாயங்காலத்துக்குள் பதினோரு பதில். அழுகியதை வேரோடு பிடுங்கி எரியுங்கள், தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டுங்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பூண்டே விளையாத சமவெளியிலிருந்துகூட ஆறுதல் வந்தது. நான் ஒன்றையும் அழிக்கவில்லை. விதைப்பூண்டு பாதி தேறியது. அந்தப் பதிவையும் பதில்களையும் பார்த்துவிட்டுக் கோகிலா, தளம் இருக்கட்டும் என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் வட்டவடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, கோஸுலயும் என்னமோ புள்ளி விழுந்திருக்கு. எழுதவா, இல்ல நேரா மூட்டையோட வந்துரவா?"

எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒரே சொல்லாக இருந்தாலும் சத்தியமாக அழிக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கடையில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.