விரல்கணு நீள முடி

சிகிச்சை முடிந்து அக்காவின் தலையில் மறுபடி முளைத்த முடி விரல்கணு நீளம்கூட இல்லை. கோழிக்குஞ்சின் உடம்பைப்போல மெத்தென்று இருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே, "தம்பி, திருச்செந்தூருக்குப் போக பிளேன் டிக்கெட் போடு லா" என்றாள்.

என் உயிருக்காக நேர்ந்த முடி அது. கமுந்திங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியில் லாரி ஒன்று என் மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியபோது, "முருகா, என் தம்பி கண்ண முழிச்சா என் முடிய ஒன் கடலோரத்துல வந்து கொடுக்கிறேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேண்டிக்கொண்டாளாம். இடுப்புவரை தொங்கிய முடி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகையில் தலைத்துணிக்குள் அடங்காது. நான் எழுந்து நடந்துவிட்டேன். மகள் படிப்பு, கல்யாணம், பேரன் என்று அவள் பயணம்தான் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் புற்றுநோய் வந்தது. மருந்து முடி அத்தனையையும் உதிர்த்துவிட்டது. வலிக்கு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். "சாமிக்குச் சேர வேண்டியது தலகாணியில கெடக்குதேடா!"

இப்போது இன்னொரு சுற்றுச் சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முளைத்த இந்த முடியும் கொட்டிவிடும். அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

"ஒனக்குப் பதிலா நான் மொட்ட போட்டுக்கிறேனே" என்றேன்.

என் வழுக்கைத் தலையை ஒருமுறை பார்த்தாள். "நீயே போத்தாக். அங்க செரைக்க என்னா இருக்கு? முருகன் கோவிச்சுக்குவாரு லா." வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திருச்செந்தூரில் முடி காணிக்கை மண்டபத்தில் நாவிதர் கத்தியை எடுத்துவிட்டுத் தயங்கினார். "இன்னும் கொஞ்சம் வளரட்டுமேம்மா. பொறவு வாங்களேன்."

"பொறவெல்லாம் முடியாதுண்ணே. இருக்கிறத எடுத்துக்குங்க."

அவர் பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாகச் சிரைத்தார். விழுந்தது ஒரு சிட்டிகைதான். முருகன் நீளம் அளந்தா வாங்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஈப்போவில் அக்கா தலையில் துணி கட்டாமல் வாசலுக்குக்கூட வரமாட்டாள். பாசாரில் தெரிந்தவர்கள் காய்கறிக் கூடையோடு நெருங்கி வந்து, "என்னாக்கா, எந்த ஸ்டேஜ்?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே கடலில் முழுகிக் கரையேறினால் எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள். ஆண், பெண், கைக்குழந்தை, எல்லாம். சந்தனம் பூசிக்கொண்டு அக்கா அவர்களுக்கு நடுவில் நின்றாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு மொட்டைத் தலைப் பெண் சாதாரணமாகக் கேட்டாள். "யாருக்கு நேந்துக்கிட்டீங்க, அக்கா?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"இவனுக்குத்தான். பாருங்க, எப்படி நல்லா இருக்கான்னு!"