நூறு தலை சேராத கிராம சபை

காலை ஆறு இருபதுக்குச் செவ்வாப்பேட்டையில் மின்ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் இருபது ரூபாய். பேசின் பாலத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்தப் படிக்கட்டு என் வயதுக்காரர்களுக்குக் கட்டியதல்ல. கையில் குடை, தண்ணீர், மூன்று மாத்திரை.

மருமகள் கவிதா பழங்குடியினருக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு குழுவில் இருக்கிறாள். அன்று அவளுக்கு நீதிமன்ற வேலை. “நீங்க போய் ஒக்காந்து பாத்துட்டு வந்து சொன்னா போதும் மாமா” என்று என்னை அனுப்பிவிட்டாள். பார்க்க வேண்டியது ஒரு சிறப்புக் கிராம சபைக் கூட்டம்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. தொழிற்பேட்டையின் மதில் முடிகிற இடத்தில் அந்தக் கிராமம் தொடங்குகிறது. அதன் ஏரிக்கரையில், புறம்போக்கில், முப்பத்தொரு இருளர் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கின்றன. பட்டா கிடையாது. அந்த இடத்தில் லாரி நிறுத்துமிடம் அமைக்க ஆட்சேபணை இல்லை என்று கிராம சபையில் தீர்மானம் போடப் போகிறார்கள். தீர்மானம் நிறைவேறினால் வீடுகள் போய்விடும்.

எட்டே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு இறங்கினார்.

“இன்னா சார், கம்பெனிக்கா?”

“கிராம சபைக்கு.”

“அந்த ஊர்க்காரனே போவ மாட்டான். நீ ரயிலேறி வந்துக்கினு கீறியா?” என்று சிரித்தவர், வழியெல்லாம் கண்ணாடியில் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏழு கிலோமீட்டர். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை, அதன் கீழேயே நாற்று. குடியிருப்பில் இறங்கினேன். வீடுகள் முப்பத்தொன்றும் சாத்தியிருந்தன. இரண்டு நாய்களும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தார்கள். அவர்தான் வார்டு உறுப்பினர் வள்ளி, நாற்பது வயதிருக்கும்.

“எல்லாரும் எங்கேம்மா?”

“மாபலிபுரத்துல. நேத்து மாசிப் பௌர்ணமி இல்ல?”

மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் கடற்கரைக்குப் போய் இரவு தங்கி, விடியலில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது எல்லாம் அங்கேதான். வள்ளியின் மகள் சுமதிக்கும் அன்று காலை அங்கே நிச்சயம். தாய் இங்கே.

“இந்த நாளாகப் பார்த்துத்தானே கூட்டத்தை வைத்திருக்கிறார்கள்? ஒரு வருஷம் போகாமல் இருந்திருக்கலாமே” என்றேன், எரிச்சலோடு.

“ஆத்தா கரைக்கு வர்றது வருசத்துக்கு ஒருநாளு. போவாம இருந்துட்டு எந்த மூஞ்ச வச்சிக்கினு மழ கேக்கறது?” என்றார். பிறகு கைப்பேசியில் கணவரைப் பிடித்தார். “பூச முடிஞ்சிதா? சீக்கிரம் வாய்யா. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சிருவான்.” ஓட்டுள்ள பெரியவர்கள் அறுபது பேர், மூன்று வேன்கள். பத்தரை மணிக்கும் அவர்கள் பாதி வழியிலிருக்கும் செங்குன்றத்தைத் தாண்டவில்லை.

பதினொன்றுக்கு ஊராட்சி அலுவலகத்தின் முன் பந்தல் நிரம்பத் தொடங்கியது. தலைவர் ஏற்பாடு செய்த இரண்டு டிராக்டர்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேடையில் தலைவரும், ஒன்றிய அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரியும் இருந்தார்கள். நான் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நிற்கிற இடத்தில் தலைகளை எண்ணுவது என் வழக்கம். வள்ளியையும் சேர்த்து எண்பத்துநான்கு.

தலைவர் தீர்மானத்தை வேகமாகப் படித்தார். வள்ளி எழுந்தார்.

“இந்த ஊருக்கு நூறு பேரு இருந்தாத்தான் கூட்டம். மொதல்ல தலைய எண்ணுங்க.”

“ரெண்டு மூணு பேரு கொறைஞ்சா இன்னா? ஊடு ஊடா போய் கையெழுத்து வாங்கிக்கலாம்.”

“கையி ஊட்ல கீதுன்னா, கூட்டத்தையும் ஊட்லயே நடத்து தலைவரே!”

டிராக்டரில் வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு வேறு வழியில்லை. இறங்கி வந்து எண்ணினார். எண்பத்துநான்கு.

தலைவர் பக்கத்தில் நின்ற தன் தம்பியின் காதில் ஏதோ சொன்னார். பத்து நிமிடத்தில் பக்கத்து ஆலையின் விடுதியிலிருந்து வடமாநிலத் தொழிலாளர்கள் இருபது பேர், தூக்கம் கலையாத முகத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வள்ளி அவர்கள் முன்னே போய் நின்றார். “தம்பி, உனுக்கு ஓட்டு எங்க?” ஒருவர் கள்ளமில்லாமல், “பீகார், அக்கா” என்றார். அதிகாரி அவர்களை அனுப்பிவிட்டார். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

அப்போது வள்ளியின் கைப்பேசி அடித்தது. வேன்கள் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச் சாலைக்குத் திரும்பிவிட்டன. “வந்துட்டாங்க” என்று மரத்தடிக்கு ஓடிவந்து சொன்னார். மகிழ்ச்சியில் நானும் தலையாட்டினேன். உடனே கணக்கு உறைத்தது. வருபவர்கள் அறுபது. கூட்டம் நூற்றுநாற்பத்துநான்கு ஆகும், செல்லும். ஆனால் கை தூக்கச் சொன்னால் எண்பத்துமூன்றுக்கு எதிரே அறுபத்தொன்று.

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளியின் முகமும் மாறியிருந்தது.

“யோவ், வராத! ஏரிக்கரையிலயே நிறுத்து. ஒருத்தரும் எறங்கி வராதீங்க” என்று கைப்பேசியில் கத்தினார். காலையிலிருந்து வா வா என்றவர் இப்படிச் சொன்னால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? “இன்னாடி, பேஜாரா கீது உன்கூட!” என்ற குரல் எனக்கே கேட்டது.

முந்நூறு அடி தூரத்தில், கரைமேல் மூன்று வேன்களும் நின்றன. தலைவரும் பார்த்துவிட்டார். அவருக்கும் கணக்குத் தெரியும்: இவர்களில் பதினாறு பேர் வந்து உட்கார்ந்தாலே கூட்டம் செல்லும். வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கரைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“வாங்கம்மா, வாங்க. நாற்காலி போட்டுக்கீது. டீ சொல்லிக்கீறேன்.”

இத்தனை மரியாதையை அவர்கள் அந்த ஊரில் கேட்டதில்லை போலும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் இளைஞர் இறங்குவதற்குப் படியில் கால்கூட வைத்துவிட்டார். ஒரு பெண் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“நாங்க இன்னும் சாமி கும்பிட்டு முடிக்கல தலைவரே” என்றார் வள்ளியின் கணவர். உள்ளே யாரோ குலவை இட்டார்கள். மற்ற இரண்டு வேன்களிலும் குலவை தொடர்ந்தது. நெற்றியில் மஞ்சளும் கால்களில் கடல் மணலுமாக, அறுபது பேரும் இருக்கையை விட்டு அசையவில்லை. வெயில் தகரத்தைக் காய்ச்சியது. குழந்தைகள் அழுதன. ஒரு மணி நேரம்.

ஒன்று பத்துக்கு, போதிய ஆட்கள் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக அதிகாரி அறிவித்தார். தலைவர் வள்ளியைத் தாண்டிப் போகும்போது, “அடுத்த தபா எரநூறு பேரோட வர்றேன்” என்றார். “வா நைனா, எண்ணிப் பாக்கறோம்” என்றார் வள்ளி.

அதன் பிறகுதான் சுமதி வேனிலிருந்து இறங்கினாள். கழுத்தில் வாடிய மாலை. வள்ளி அதைத் தொட்டுப் பார்த்தார். மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்து நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மாப்ளைக்கு ஓட்டு எந்த ஊர்ல?”

“பொன்னேரி பக்கம்மா.”

“இங்கயே வந்துரச் சொல்லு. ஓட்ட மாத்திக்கலாம்.”

மூன்றரை மணி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் செவ்வாப்பேட்டைக் குடியிருப்பில் கூட்டம் என்றால் வராதவர்களைத் திட்டுவோம். இங்கே வராமல் உட்கார்ந்திருப்பதற்கு வேண்டிய தைரியத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வந்தாக வேண்டும். மாப்பிள்ளையைச் சேர்த்து அறுபத்திரண்டு. இன்றைய எண்பத்துமூன்றை மிஞ்சவே இன்னும் இருபத்திரண்டு பேர் வேண்டும். நான் புறப்படும்போது வள்ளி சாப்பிடக்கூட இல்லை; பக்கத்துக் காலனியில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.