மிளகு இல்லாத அஞ்சறைப்பெட்டி

வாசலூர்பட்டி ஏரிக்கு மேற்புறம் மிளகுக்கொடி வளர்த்துப் பிழைக்கிற சென்றாயனுக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் சமையல் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவராகக் கேட்டு வாங்கியதில்லை. மனைவி அம்சவேணி உலை வைத்தால், அது கொதிப்பதற்குள் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை ஓடினால் சோறு அடிப்பிடித்தது. மூன்று நாள் தீய்ந்த சோறு தின்றுபார்த்துவிட்டு, நான்காம் நாள் அவரே கரண்டியைக் கையில் எடுத்தார்.

அம்சவேணிக்கு மூத்திரப்பையில் கோளாறு. முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டுத்தான், வந்து உட்கார்ந்தால் எரியும். கிருமி இல்லை, கல் இல்லை, சர்க்கரையும் இல்லை. பையின் உள்சுவர் நொந்துபோயிருக்கிறது, மாத்திரை பாதி பார்த்துக்கொள்ளும், மீதியைச் சாப்பாட்டில்தான் பார்க்க வேண்டும் என்று சேந்தமங்கலத்து டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காபி, டீ, எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, தக்காளி, புளி, புளித்த மோர், காரம் எல்லாம் ஆகாது. படித்துப் பார்த்த சென்றாயனுக்கு, காபியும் ஆரஞ்சும் அன்னாசியும் விளைகிற தன் தோட்டத்துக்கு யாரோ பட்டா எழுதின மாதிரி இருந்தது.

அந்தச் சீட்டை வாங்கப் போன அன்றுதான் அது நடந்தது. மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்க இறங்க பலகையில் எண் குறைந்துகொண்டு வரும். நாற்பத்தொன்றில் அம்சவேணி கண்டக்டரைக் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தினாள். தடுப்புச்சுவருக்கு அந்தப்பக்கம் போனவள் வரக் காணோம். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பஸ்ஸே ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. சென்றாயன் படியில் நின்று, “சீக்கிரம் வா புள்ள, அத்தன பேரும் உனக்காக நிக்கறாங்க” என்று கத்தினார். கோபத்தில் கத்தவில்லை. வெட்கமாக இருந்தது, கத்திவிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். அன்று முழுக்க டாக்டரிடம் மட்டும்தான் பேசினாள். வீடு திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். “இனி நான் மலைய உட்டு எறங்க மாட்டேனுங்க.”

சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள். அதில்தான் சிக்கல். மகள் சுகுணா அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ஏழாம் மாதம் தாய்வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பெற்றவள்தான் முதல் வளையலைப் போட வேண்டும். அம்சவேணியோ, “சோத்த ஆக்கிக் குடுத்து உடறேன். வளையல உங்க அக்கா போடட்டும்” என்று முடித்துவிட்டாள். சென்றாயனின் அக்கா கண்ணாயிக்கு இதில் ஆட்சேபணையே இல்லை. அதற்குக் கட்ட வேண்டிய சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

சென்றாயனிடம் இரண்டு மாதம் இருந்தது. சாப்பாட்டைச் சரிசெய்தால் உடம்பு சரியாகும், உடம்பு சரியானால் வருவாள் என்று கணக்குப் போட்டார். புளிப்பானையைப் பரண்மேல் ஏற்றினார். மிளகாயை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வாசம் வந்தால் அவளுக்கு நாக்கு ஊறும் என்று, தான் குடிக்கிற காபியையும் நிறுத்தினார். பொழுது விடிந்ததும் இரண்டு டம்ளர் குடித்துப் பழகியவருக்கு அது சாதாரண காரியமில்லை. ஒரு வாரம் மண்டை பிளந்தது.

ஆனாலும் அவள் நடை குறையவில்லை. கொல்லைப்பக்கம் போகும் ஒவ்வொரு தடவைக்கும் காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டு வந்தார். ஒரு நாளைக்கு இருபது கோடு இருபத்தி நாலானது. சமையல் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சிரத்தையாகச் செய்தார்.

மாதம் ஒருமுறை வருகிற கிராம நர்ஸ் யமுனா, தாளைப் பார்த்துவிட்டு, என்னதான் ஆக்கிப் போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

“காரமே கெடையாதுங்க” என்றார் சென்றாயன். “காலைல மொளகுக் கஞ்சி. மத்தியானம் சாமைச் சோத்துக்கு மொளகு தட்டிப்போட்ட பருப்பு. பொழுதெறங்க குச்சிக்கிழங்கு வேக வெச்சு, மேல கொஞ்சம் மொளகு தூவி.”

யமுனா பேனாவை மூடினாள். “மொளகு காரமில்லீங்களா?”

“மொளகு மருந்துங்க நர்ஸம்மா.”

இதில் சென்றாயனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மலையில் சளிக்கு மிளகு, காய்ச்சலுக்கு மிளகு, மாட்டுக்கு வயிறு உப்பினாலும் மிளகு. காரம் என்றால் சந்தையில் வாங்குகிற மிளகாய். வீட்டில் விளைகிறதை யாராவது காரத்தில் சேர்ப்பார்களா? யமுனா சேர்த்தாள். இந்த வியாதியில் ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகலாம், ஆனால் உங்கள் வீட்டுக் காலண்டரே சாட்சி சொல்கிறது, அதை நிறுத்திப் பாருங்கள் என்றாள். பிறகு அம்சவேணி பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியலீங்களாக்கா?”

“தெரிஞ்சுதுங்க” என்றாள் அம்சவேணி. “தின்னு கைகழுவறதுக்குள்ள எரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“முப்பது வருசத்துல இப்பத்தான் ஆக்கிப் போடறாரு. நல்லாவும் இருந்துச்சுங்க.”

பெண்டாட்டிக்கு ஒரு மாதம் தன் கையாலேயே எரிச்சலை அரைத்து ஊற்றியிருக்கிறோம் என்று சென்றாயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றே அஞ்சறைப்பெட்டியில் மிளகுக் கிண்ணத்தைக் காலி செய்தார். அதன்பின்னும் கை தானாக அங்கே போகும், வெறும் தகரத்தைத் தடவிவிட்டுத் திரும்பும். பாசிப்பருப்பைக் குழைய விட்டு, சுரைக்காய் சேர்த்து, கால் கரண்டி நெய் விட்டார். பரங்கிக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். குச்சிக்கிழங்குக்குத் தேங்காய்த் துருவலும் உப்பும் போதும் என்று ஆனது. அவரும் அதையே தின்றார். முதல் வாரம் எல்லாமே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் சுரைக்காய்க்கு இனிப்பு உண்டு என்று கண்டுபிடித்தார். வாசலில் போகிறவர்களிடம் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலண்டரில் கோடுகள் பதினாறாகி, பன்னிரண்டாகி, ஒன்பதில் நின்றன. எட்டு வரவேயில்லை. சென்றாயன் கட்டுச்சோற்றுக்கு வேன் பேசினார். போகலாமா என்று அவளிடம் கேட்கவில்லை, கேட்கப் பயம். கிளம்புகிற நாள் காலையில் அவள் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். கண்ணாயியின் முகம் கொஞ்சம் வாடியது.

ஏழு வகையில் ஆறு வகை புளி, எலுமிச்சை, தக்காளி என்று அம்சவேணி கிட்டப் போக முடியாதவை. ஏழாவது சென்றாயன் ஆக்கிய தேங்காய்ப்பால் சாமைச் சோறு. கண்ணாயி ஒரு வாய் போட்டுப் பார்த்தாள்.

“உப்பு மட்டுந்தான்டா தெரியுது.”

“அத மட்டுந்தானக்கா போட்டேன்.”

செம்மேட்டில் பூ வாங்க வேன் நின்றது. சென்றாயன் நடுக்கத்தில் இருந்தார். நாற்பத்தொன்று வரும்போது என்ன ஆகுமோ என்ற நினைப்பு விடவில்லை. நடுக்கம் தீர ஒரு காபி குடித்தார். தீரவில்லை, இன்னொன்று குடித்தார்.

நாற்பத்தொன்று வந்தது. அம்சவேணி அந்தத் தடுப்புச்சுவரை ஒரு பார்வை பார்த்தாள். வேன் திரும்பியது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

முப்பத்து மூன்றில், “வண்டிய நிறுத்துங்க” என்று குரல் வந்தது. வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் அம்சவேணியைப் பார்த்தார்கள். எழுந்தவர் சென்றாயன்.

சுவருக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். எதிரே ஒரு குரங்கு உட்கார்ந்து பார்த்தது. முதுகுக்குப் பின்னால் வேன் உறுமிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே, முட்டிக்கொண்டு வந்தது வர மறுத்தது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். இப்போது யாராவது கத்துவார்கள் என்று சென்றாயன் காத்திருந்தார். என்ன கத்துவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வார்த்தை அவருடையதுதான். வெயிலில் நின்றபடியே அவருக்குக் காது சுட்டது.

யாரும் கத்தவில்லை. “ஹாரன் அடிக்காதீங்க தம்பி” என்று அம்சவேணியின் குரல் மட்டும் கேட்டது.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

“அன்னிக்கு நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது புள்ள” என்றார்.

அம்சவேணி மடியிலிருந்த வளையல் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“இன்னும் மெதுவாவே வந்திருக்கலாமுங்க” என்றாள். “நாங்க நின்னிருப்போம்.”