உடம்பு சரியில்லை என்று சொன்னேன்

என் மனைவிக்கு அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சுகர் குறையவில்லை, பிரஷர் ஏறவில்லை, தலை சுற்றவில்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஐந்தாவது வேண்டுமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குக் கிளம்பினாள். இந்த நாலு வரியை எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சூலூரில் நான் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்துப் புதுச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. வீடு அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வேறொரு கிராமத்தில், அந்த ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காலனியில். மனைவி வக்கீல். அந்தக் காலனியில் ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி, கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள்தான். தினமும் டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய், அங்கே இன்னொரு பஸ் மாறிக் கோர்ட்டுக்குப் போவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் பெரும்பாலும் கட்சிக்காரர்கள் கொடுத்த முருங்கைக்காயோ கொத்தமல்லிக் கட்டோ இருக்கும். ஊரில் அவளை வக்கீலம்மா என்பார்கள். நான் வக்கீலம்மா வீட்டுக்காரர். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பது கரண்ட் பில்லைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

அவள் பெயர் வாங்கியது ஒரு சலூன் நாற்காலியால். எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு சலூன். காலனி ஆட்களுக்கு அங்கே முடி வெட்டமாட்டார்கள். வெட்டமாட்டேன் என்று மூஞ்சியில் அடித்தாற்போல யாரும் சொன்னதில்லை. எங்கள் சீமையில் எதையுமே அப்படிச் சொல்லும் வழக்கம் கிடையாது. "இன்னைக்குக் கத்தரி சரியில்லையே", "கரண்டு போயிருச்சே", "அடுத்த வாரம் பாக்கலாமா" என்று சிரித்த முகமாகவே சொல்வார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்தக் கத்தரி சரியாகவில்லை. எங்கள் ஆட்களும் தலையாட்டிவிட்டு, சூலூருக்குப் பஸ் ஏறிப் போய் வெட்டிக்கொண்டு வருவார்கள்.

என் மனைவி சங்கம் ஒன்றைத் தொடங்கி, அந்த சலூன் வாசலில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் காலனியே உட்கார்ந்தது. வாரக் கடைசியில் கால்வாசிப் பேர். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவர் இவளுடைய தோழி, விசைத்தறி ஓட்டுகிறவர், இவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். தறியில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்து, காதில் பஞ்சுத்தூள்கூடத் தட்டாமல் இவள் பக்கத்தில் உட்காருவார். அதிகாரிகள் வந்து பேசி ஒருவழியாகக் கடை திறந்தபோது, முதலில் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது அந்தத் தோழியின் மகன். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். கால் தரைக்கு எட்டவில்லை.

அவன் வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தான். லீவில் வரும்போதெல்லாம் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த சலூனுக்குப் போய் ஒரு முறை உட்கார்ந்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பான். அவன் சேர்ந்த இரண்டாம் வருடம் இன்னொன்றும் நடந்தது. ஊருக்குள்ளிருந்து ஒரு பெரிய வீட்டுக்காரர், தன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்த தட்டோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு காலனிக்கு வந்து, தோழி வீட்டு வாசற்படி ஏறி, குங்குமம் கொடுத்து அழைத்தார். எங்கள் பக்கத்தில் நேரில் வந்து தட்டோடு அழைத்தால்தான் அழைப்பு. பத்திரிகையை யாரிடமாவது கொடுத்துவிட்டால் அது வெறும் தகவல். எங்கள் காலனிப் படியேறி அப்படி ஊருக்குள்ளிருந்து யாரும் அதற்கு முன் வந்ததில்லை. வக்கீலம்மா வீட்டுக்கும் வந்ததில்லை.

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம். சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை, தலைக்கு மேலே போனாலும் பேச்சை நிறுத்தமாட்டோம். அந்த வாரம் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆட்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பேக்கரிகளில் டீ ஆறிக்கொண்டிருக்க, எல்லாரும் டிவிக்கு முன்னால் தளபதிகள் ஆகியிருந்தார்கள். தோழியின் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. போன் வரவில்லை.

சங்கத்து ஆட்கள் சண்டைக்கு ஆதரவாகக் கூட்டம் ஒன்று போட்டார்கள். வழக்கம்போல அவளைக் கேட்காமலேயே அவள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் பீரங்கி, ஒரு பக்கம் கறுப்புக் கோட்டில் இவள். "குழாய் என் காதுக்கு நேராக் குறி வெச்சிருக்குதுங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "படம் போட்டுட்டாங்க, போகாட்டி நானும் அதையே சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள்.

மைக்கைப் பிடித்தவள் வளைத்துப் பேசவில்லை. "நம்மளையும் மனுசனா மதிக்கோணும்னுதான் இந்தச் சங்கத்த ஆரம்பிச்சோமுங்க. குண்டு விழற அந்தப் பக்கத்து ஊட்டுலயும் மனுசங்கதான் இருக்கறாங்க. நமக்கு ஒரு நாயம், அவங்களுக்கு ஒரு நாயமுங்களா? சண்ட வேணும் சண்ட வேணும்னு டிவில கத்தறவங்க ஊட்டுப் பசங்க யாரும் அங்க நிக்கறதில்லீங்க. நிக்கறது நம்ம பசங்க. இந்தச் சண்டைய நிறுத்தோணுங்க. இது என்ர கருத்து."

கீழே முதல் வரிசையிலிருந்து தோழி எழுந்தார். மைக் இல்லாமலேயே அவர் குரல் கேட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"எம் பையன் அங்க நிக்கறானுங்கக்கா. இத்தன வருசம் நீங்களும் நானும் ரோட்டுல உக்காந்தோம். நாக்காலி கெடச்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா தட்டத்தோட ஒருத்தராவது நம்ம வாசப்படி ஏறுனாங்களா? எம் பையன் அந்த உடுப்பப் போட்டான், ஏறுனாங்க. இப்ப அவன் பண்றது தப்புங்கறீங்களா?"

"அவன் பண்றது தப்புன்னு சொல்லல அம்மணி. அவன் திரும்பி வரோணும்னு..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் யாரோ மைக் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். இவள் உதடு அசைந்தது மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. தோழி அதைக்கூடப் பார்க்கவில்லை, திரும்பி நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வரிசையாக வந்தது. அவள் பேசியதில் பாதியை மட்டும் வெட்டி வீடியோவாகச் சுற்ற விட்டார்கள். துரோகி என்றார்கள், எந்த நாட்டுக்கு டிக்கெட் எடுத்துத் தரட்டும் என்று போனில் கேட்டார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கட்சிக்காரர்கள் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். சங்கம் கூடி, அவளைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியது. என் பட்டறைக்கு வந்த விவசாயி ஒருவர், பாதி கம்பி சுற்றிய மோட்டாரை அப்படியே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "அவசரமில்லீங்க, அப்பறம் பாத்துக்கலாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இதையெல்லாம் அவள் தாங்கினாள். தோழி வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தினமும் தறி ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வாசல் கதவைத் திறந்து வைப்பாள், கொஞ்ச நேரம் கழித்துச் சாத்துவாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மோட்டாரைத் தூக்கிப்போன அதே விவசாயி, ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க, அம்மா அப்படிப் பேசீருக்க வேண்டாமுங்க" என்றார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஒடம்பு சரியில்லீங்க அவளுக்கு. கொஞ்ச நாளாவே சுகர் கொறஞ்சு போயிருதுங்க. அன்னைக்குத் தலை சுத்தி, என்ன பேசறோம்னே தெரியாமப் பேசிப்போட்டா."

பேக்கரியே பெருமூச்சு விட்டது. உண்மையாகச் சொல்கிறேன், அத்தனை பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. அவளை வெறுப்பது அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. "அதானே பாத்தேன்", "நம்ம வக்கீலம்மா அப்படிப் பேசறவங்க இல்லீங்களே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கருப்பட்டி போட்டால் நல்லது என்றார் ஒருவர். நான் என்னவோ சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் சாத்துக்குடி, ஆப்பிள், ரொட்டிப் பாக்கெட். உடம்பு முடியாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதே. சங்கத்துச் செயலாளர் வந்தார். மோட்டாரைத் தூக்கிப்போன விவசாயியும் வந்தார். "ரெஸ்ட் எடுங்கம்மா", "ஜாஸ்தி யோசன பண்ணாதீங்கம்மா" என்றார்கள். ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றாக வாங்கி மேசையில் வைத்தாள் என் மனைவி. நாலாவது சாத்துக்குடிப் பை வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், புரிந்துகொள்ள வேறென்ன வேண்டும்?

அந்த நேரத்தில்தான் தோழி வந்தார். கையில் ஒரு பை. வாசலில் நின்று, "சொல்லவே இல்லீங்களேக்கா. எங்கிட்டச் சொல்லாம எப்படி இருந்தீங்க?" என்றார். கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் போன் பண்ணிவிட்டான், நல்லா இருக்கிறான் என்றார். "ஒடம்பு சரியில்லாம பேசுனதுக்கு நான் வேற ஊரு முன்னால அப்படிக் கேட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். ஆட்டு, ஆட்டு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். இவள் அவருடைய கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பையன் பேசுனானா? அது போதும் அம்மணி. ஆனா எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துது. ரோசன பண்ணித்தான் பேசுனேன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

தோழி கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பையை மேசையில் வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிப் போய்விட்டார். வீடு முழுக்கச் சாத்துக்குடி வாசனை.

எல்லாரும் போனபின் அவள் என்னிடம் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். "ஊரு என்னைத் துரோகின்னுச்சு, பரவால்லீங்க. நான் பேசுனதக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க" என்றாள். "நீங்க நான் பேசவே இல்லைன்னு ஆக்கிப்போட்டீங்க. கத்தரி சரியில்லைன்னு சிரிச்சுட்டே சொல்லுவாங்களே, அதே பேச்சுங்க இது."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, மறைப்பானேன். உனக்காகத்தானே சொன்னேன் என்று நாலைந்து நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பட்டறையில் தனியாகக் கம்பி சுற்றும்போதெல்லாம் அந்த சலூன்காரரின் சிரித்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து நான் எப்போது கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

சண்டை சில நாளில் நின்றது. சண்டை நின்றால் இதுவும் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. பையன் லீவில் வந்தான், சலூனுக்குப் போனான், எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இவள் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்து இடம் பல நாள் காலியாகவே இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள், பையை வைத்துக்கொள்ள வசதி என்பாள்.

போன தை மாதம் அந்தப் பையனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தோழி தட்டோடு என் பட்டறைக்கு வந்தார். பட்டறைக்கு, வீட்டுக்கு இல்லை. எனக்குப் புரிந்தது. தட்டை நீட்டியபடி, கண்ணைப் பார்க்காமல், "அக்காவுக்கு இப்ப ஒடம்பு பரவால்லீங்களாண்ணா?" என்று கேட்டார்.

அவரும் ஒரு வழி தேடுகிறார் என்று தெரிந்தது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு நேரே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "அவளுக்கு அன்னைக்கும் ஒண்ணும் இல்லீங்க அம்மணி. நாந்தான் பொய் சொன்னேன்."

அவர் செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே தட்டை வைத்தார். பத்திரிகையையும் வெற்றிலையையும் நான் எடுத்துக்கொண்டதும் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு, "நீங்க வந்துருங்கண்ணா" என்று சொல்லிப் போனார். வீட்டில் வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். "பொண்ணு எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. சென்னிமலைப் பக்கம் என்றேன். அடுத்த நாள் ஒரு பட்டுச் சேலை வாங்கி வந்து, மருமகளுக்குக் கொடுங்கள் என்றாள்.

கல்யாணத்தன்று அவள் வழக்கம்போல பஸ் ஏறிப் போனாள். நான் மண்டபத்துக்குத் தனியாகப் போனேன். மாப்பிள்ளை என்னைக் கும்பிட்டான். பந்தியில் உட்காரப் போகும்போது, மோட்டாரைத் தூக்கிப்போன அந்த விவசாயி, எல்லாரும் கேட்கிற மாதிரி, நல்ல மனதோடுதான், "வக்கீலம்மா வரலீங்களா? இன்னும் ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தோழி நிமிர்ந்தார்.

"அக்கா ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. எப்பவும் நல்லாத்தான் இருந்தாங்க. அவங்க பேசுனது எனக்குப் புடிக்கல, அதனால நான் கூப்புடல. அவ்வளவுதானுங்க."

சாயங்காலம் அவள் வந்ததும், இதை அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னேன். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக அழுதாள். அழுது முடித்து, சேலை பொண்ணுக்குப் பிடித்ததா என்று கேட்டாள்.