பிரமிளா எழுதிய லட்சுமி

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிறவள் பிரமிளா. அச்சில் வார்த்து, சூளையில் வெந்து, வெள்ளை வெளேரென்று வரும் சீனச் சாமிப் பொம்மைகள். கையில் பீச் பழம் இருந்தால் ஆயுள் தரும் கிழவர். தாமரைமேல் நின்றால் குவான் யின் அம்மன், பாதி மூடிய கண். கீழே அழுகிறவர்களைப் பார்ப்பதால் அந்த இமை தாழ்ந்திருக்கிறது என்று பட்டறை முதலாளி, தவுக்கே லிம் சொல்லியிருந்தார்.

அந்தத் தவுக்கே ஒருநாள் புதுப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு கை, காலடியில் தாமரை.

"லட்சுமி. நீ தமிழ்தானே, உனக்குத் தெரியும்," என்றார் மலாயில்.

பிரமிளாவுக்குத் தெரியவில்லை. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் கும்பிட்டு வளர்ந்த மாரியம்மன் வெறும் கல். அதில் பதித்த வெள்ளிக் கண்கள் இமைக்காமல் பார்க்கும். லட்சுமி எப்படிப் பார்ப்பாள்? காலண்டர் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். வண்ணத்தோடு மறுபடி சூளையில் வெந்து வெளியே வந்தபோது கை நான்கு இருந்ததே தவிர, முகம் குவான் யின்.

மகள் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக இந்தப் பொம்மைகளைச் செய்யச் சொல்லியிருந்தவர் நித்யகல்யாணி ஆச்சி. மாதிரி பார்க்க வந்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா, மகாலட்சுமி தூங்குறாளே?"

"மாத்திரலாம் ஆச்சி."

அடுத்ததில் கண்ணை நன்றாகத் திறந்து எழுதினாள். ஆச்சி ஓரடி பின்வாங்கினார்.

"ஐயோ, கோவமால்ல இருக்கா! கல்யாண வீட்டுல இத எப்படிக் குடுக்கிறது?"

"பின்ன எப்படித்தான் பாக்கணும் ஆச்சி?"

ஆச்சி யோசித்தார். "பாக்கணும். ஆனா நம்மள உத்துப் பாக்கக் கூடாது."

பிரமிளா மூன்றாவதில் கருவிழியை மயிரிழை இறக்கி வைத்தாள், ஏனென்று தெரியாமலே. "இவதான்!" என்று ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல் பொம்மைக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று பிரமிளாவுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஆச்சி கேட்ட அத்தனையையும் அதே மாதிரி எழுதிக் கொடுத்தாள்.

ஆச்சி வேண்டாமென்று தள்ளிய முதல் பொம்மையைத் தவுக்கே அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் கணவன் சுரேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரு இது?"

"தெரியலலா."

"சாமி மேடையில வைக்கவா, டிவி பக்கத்துல வைக்கவா?"

கடைசியில் டிவி பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் காலை சாமிக்கு ஊதுபத்தி காட்டியவள், சற்று நின்று, டிவி பக்கமும் ஒருமுறை காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.