இருட்டில் கடை விரித்தவர்

மின்சாரம் போனதும் எவோடியோ சுல்பரான் முதலில் செய்வது, "ஆண்டவருக்கு நன்றி" என்று முணுமுணுத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வது. அடுத்தது, கடைக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைப்பது. முக்குபான் கிராமமே ஆட்சியாளர்களைத் திட்டிக்கொண்டு தீப்பெட்டி தேடும் நேரத்தில், அவர் முகத்தில் மட்டும் பிள்ளை பிறந்த வீட்டுக் களை.

அவர் விற்பது மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. வெனிசுவேலாவின் அந்த மலைப்பக்கத்தில் நோட்டுக்கு மதிப்புப் போய் வெகுகாலமாகிறது. ஒரு மெழுகுவர்த்திக்கு ஒரு கட்டுக் காரட் என்பது கணக்கு. பெரியதென்றால் பூண்டுச் சரம். வாரத்தில் பாதி நாள் ஊர் இருண்டு கிடப்பதால் அவருடைய பின்கட்டில் காரட் குவிந்து அழுகுகிறது. அழுகினாலும் யாருக்கும் கொடுக்கமாட்டார். "கொடுத்துப் பழக்கினா ஜனங்க கெட்டுப் போயிரும்" என்பது அவருடைய பொருளாதாரம். கோவிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுக் கட்டைகளை ஞாயிறுதோறும் பையில் பொறுக்கி வந்து, உருக்கி வார்த்து மறுபடி விற்பார். ஒரே மெழுகு அந்தோணியாருக்கு மூன்று முறை எரிந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர். எப்போதும் பழுப்புக் கம்பளிப் போர்வை, நகங்களுக்கடியில் மெழுகு. பேசும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார். அவருக்குப் பின்னாலுள்ள மின்கம்பத்தைத்தான் பார்ப்பார்.

கிறிஸ்துமஸ் திருப்பலியில், இருளில் நடந்த மக்கள் பேரொளி கண்டதைச் சொல்லும் வாசகத்தை வாசிக்கும் உரிமை அவருடையது. 'இருள்' என்ற சொல் வரும் இடத்தில் குரல் குழைந்துபோகும். பங்குத்தந்தை இக்னாசியோ பிரசங்கத்தில், அந்த ஒளி அரண்மனையில் பிறக்கவில்லை, தங்க இடம் கிடைக்காதவர்களோடு மாட்டுக் கொட்டிலில் பிறந்தது, நமக்குள்ள நம்பிக்கையே அதுதான் என்று சொல்லி அவர் பக்கமாகப் பார்ப்பார். எவோடியோவும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, உமக்குத்தான் சொல்கிறார் என்பதுபோலத் தலையாட்டுவார்.

கிறிஸ்துமஸ் குடிலில் படுத்திருக்கும் குழந்தை இயேசு சொரூபத்தை, பிப்ரவரியில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளுக்குள் எழுப்பி நிறுத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆட்களுக்கு அந்த வருடம் ஆகாது. அதற்கு முன்னால் அண்டைவீட்டார் யாராவது குழந்தையைத் திருடிப் போவதும், ஊர் கூடி மெழுகுவர்த்தியோடு தேடிக் கண்டுபிடிப்பதும், வீட்டுக்காரர் எல்லோரையும் உபசரிப்பதும் அந்த மலைகளின் வழக்கம். எவோடியோ கடை ஜன்னலில் குடில் வைத்து, குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்தில் விளிம்பிலேயே கிடத்துவார். தன் குழந்தையைத் தேட வருகிறவர்களுக்கே மெழுகுவர்த்தி விற்று, உபசாரச் செலவு போக லாபம் பார்ப்பார்.

இந்த வருடம் யாரும் திருடவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் மின்சாரம் அடியோடு போயிற்று. அவர் விலையை இரண்டு கட்டுக் காரட் ஆக்கினார். ஊர் சண்டை போடவில்லை. பேசாமல் இருட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. ஜனவரியில் அவர் ஜன்னல் தாழைத் திறந்து வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவையே கழற்றினார். ஒரு நாய் வந்து வைக்கோலை முகர்ந்துவிட்டுப் போயிற்று. "ஒரு திருடன்கூட இல்லாத ஊரு எப்படி உருப்படும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார்.

வியாபாரம் படுத்துவிடும் என்பதுதான் கவலை என்று சொல்லிக்கொண்டார். அவர் மகன் வில்மேர் நவம்பரில் பெரு நாட்டுக்கு நடந்தே கிளம்பியவன். வழியில் ஒரு தடவை போனில் பேசினான். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு நிகனோராவிடம் போனார். ரொட்டி சுட்டுப் பிழைக்கும் விதவை அவள். நாக்குக் கொஞ்சம் நீளம். குழந்தையைத் திருடிக்கொண்டு போகும்படி அவளிடம் மன்றாடாத குறையாகக் கேட்டார்.

"என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றாள் அவள், மாவு பிசைந்துகொண்டே. "உங்க குடிலைச் சுத்தி அத்தனை மெழுகுவர்த்தி எரியுது. அந்தப் புள்ள கொட்டில்ல பொறந்தோம்னு நெனைக்குமா, கடையில பொறந்தோம்னு நெனைக்குமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, நிகனோரா."

"இருக்கு. வெளிச்சம் இல்லாதவங்களைத் தேடித்தான் அவரு வந்தாரு. அதுதான் வழக்கம்." மாவை ஓங்கி அறைந்தாள். பிறகு குரல் தணிந்தது. "வில்மேர் பேசினானா?"

அவர் மின்கம்பத்தைப் பார்த்தார். "டவர் இல்ல" என்றார்.

திருநாளுக்கு முந்திய சாயங்காலம் எவோடியோ தன் குழந்தையைத் தானே திருடினார். போர்வைக்குள் மறைத்துக் கொண்டுபோய் நிகனோராவின் ரொட்டிக் கூடையில் வைத்துவிட்டு, வீடு திரும்பி, திருடு போய்விட்டது என்று கூச்சல் போட்டார். தெருவே சிரித்தது. அவர் அசரவில்லை. ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாகத் தட்டி, "புள்ள இங்க இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்ற வீட்டிலெல்லாம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். எல்லாம் பாதி எரிந்த கட்டைகள், அதிலும் பொறுக்கியெடுத்த குட்டைகள். ஆனாலும் சும்மா கொடுத்தார். நம்பாத ஒரு கிழவர் காரட் கட்டு ஒன்றை எடுத்து வந்து நீட்ட, எவோடியோவின் கை பாதி தூரம் போய்த் திரும்பியது. ஊரை விட்டுப் போனவர்களின் பூட்டிய வீடுகளையும் தட்டினார்; கொஞ்ச நேரம் நின்றார்; படியில் ஒரு கட்டையை ஏற்றி வைத்துவிட்டு நகர்ந்தார். பின்னால் கேலி பேசிக்கொண்டே ஆட்கள் சேர்ந்தார்கள். வாரக்கணக்கில் இருண்டு கிடந்த தெருவில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது.

நிகனோராவின் வீட்டில் குழந்தை அகப்பட்டது. பட்டுத் துணியின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாக நாலு பேர் பிடித்துக் குடிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பங்குத்தந்தை ஒரு முனையைப் பிடித்தார், அந்தக் கிழவர் ஒன்று, நிகனோரா ஒன்று. போன வருடம் நாலாவது முனை வில்மேர் கையில் இருந்தது. இப்போது அது தொங்கியது. குழந்தை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. நிகனோரா எவோடியோவைப் பார்த்தாள்.

எவோடியோ தன் கையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். எச்சில் விரலால் திரியை நசுக்கி, வீணாகாமல் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, நாலாவது முனையைப் பிடித்தார்.